அந்த நாவல் நூலகத்திலேயே இருக்கட்டும்: டாலஸ் வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய பெற்றோர்களே,

வணக்கம். நம் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் சில வாரங்களாக ஒரு மனு சுற்றி வருகிறது. உயர்நிலைப் பள்ளி நூலகங்களிலிருந்து சில நூல்களை அகற்ற வேண்டும் என்று நம் கல்வி மாவட்டத்தின் வாரியத்தைக் கேட்டுக்கொள்ளும் மனு அது. பட்டியலில் உள்ள எல்லா நூல்களையும் நான் படித்ததில்லை. படிக்காதவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதுமில்லை. ஒன்றை முழுதாகப் படித்திருக்கிறேன். லியா ஜான்சன் எழுதி, ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘யூ ஷுட் சீ மீ இன் எ கிரவுன்’ என்ற இளையோர் நாவல் அது. அந்த நாவலுக்காகவும், அதைத் தேடி நூலகத்துக்குப் போகும் பிள்ளைக்காகவும், அந்தப் பிள்ளை நம்மில் ஒருவர் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதற்காகவும் இந்த மடலை எழுதுகிறேன். மனு தமிழில் எழுதப்பட்ட விளக்கக் குறிப்புடன் நம்மவர் கைகள் வழியாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. ஆகவே பதிலும் தமிழிலேயே இருப்பதுதான் முறை.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனுவின் குறிப்பில் கதையே இல்லை. இண்டியானா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் பள்ளி இறுதியாண்டு படிக்கும் கறுப்பினப் பெண் லிஸ் லைட்டி. தாய் இல்லை, தம்பியோடு தாத்தா பாட்டி வீட்டில் வளர்கிறாள். தாயின் உயிரைப் பறித்த சிக்கிள் செல் இரத்த நோய் தம்பிக்கும் இருக்கிறது. மருத்துவம் படிக்க வேண்டும், இரத்த நோய்களுக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது அவள் கனவு. பள்ளி இசைக்குழுவில் நன்றாக வாசிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள், யார் கண்ணிலும் படாமல் ஒதுங்கியே வாழ்கிறாள். நம்பியிருந்த கல்லூரி உதவித்தொகை கடைசி நேரத்தில் கைநழுவிப் போகிறது. வீட்டுக்குத் தெரிந்தால் தாத்தாவும் பாட்டியும் வீட்டை விற்றாவது படிக்க வைக்கப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அது நடக்கக் கூடாது என்பதற்காக, புரோம் என்னும் பள்ளி நடன விருந்தின் ராணியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு அந்த ஊரில் வழங்கப்படும் 10,000 டாலர் உதவித்தொகையைக் குறிவைத்து, தனக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத அந்தப் போட்டியில் இறங்குகிறாள். அதே போட்டியில், பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் மாக் என்ற பெண்ணும் இருக்கிறாள். லிஸ்ஸுக்கு அவள்மேல் காதல் வருகிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை; மகிழ்ச்சியாக முடியும் கதை என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மாவின் தாலிச்சங்கிலியை அடகு வைத்துப் பொறியியல் கல்லூரிக்குக் கட்டணம் கட்டிய வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். வீட்டை விற்க விடக்கூடாது என்று தனக்குள் முடிவெடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பாரத்தைத் தானே சுமக்கும் அந்தப் பெண்ணைப் புரிந்துகொள்ள நமக்கு எந்த முன்னுரையும் தேவையில்லை. நாவலில் தம்பியின் மருத்துவமனைப் பகுதியைப் படிக்கும்போது, அவளுடைய பயம் முழுவதும் அவனைப் பற்றியதாக இருக்கிறது. குடும்பத்தின் மீது இத்தனை பற்றுக் கொண்ட ஒரு கதையைத்தான் மனுவின் குறிப்பு ‘குடும்ப அமைப்புக்கு எதிரானது’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. ‘ஆபாசம்’ என்ற சொல்லும் குறிப்பில் இருக்கிறது. கதையில் காதல் சில முத்தங்களைத் தாண்டிப் போகவில்லை. நம் வீட்டு வரவேற்பறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாம் பார்க்கும் திரைப்படப் பாடல்களில் வருவதைவிட அது குறைவு.

பிள்ளைகள் இன்னும் சிறுவர்களாக இருக்கும் வீடுகளுக்கு, புரோம் என்றால் என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளில், வசந்த காலத்தில், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ விடுதி ஒன்றின் பெரிய அரங்கிலோ நடக்கும் இரவு நடன விருந்து அது. நீண்ட கவுன், டக்சீடோ என்னும் ஆண்களின் விருந்து உடுப்பு, மணிக்கட்டில் கட்டும் சிறு பூங்கொத்து, வீட்டு வாசலில் எடுக்கும் படங்கள் என்று அதற்கே உரிய சடங்குகள் உண்டு. தனியாக ஜோடி சேர்ந்து போக வேண்டாம், தோழிகளோடு கூட்டமாகப் போய் வா என்று சொல்லி அனுப்பும் பெற்றோர் நம்மில் பலர் இருக்கிறார்கள்; அதில் தவறொன்றும் இல்லை. அந்த இரவில் எடுத்த படம் மறுநாள் காலையே கோயம்புத்தூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பாட்டிக்குப் போய்விடுகிறது. ஆக, இந்த ஊரில் வளரும் பிள்ளைக்குத் தன்னையும் சேர்த்துத்தான் இந்த ஊர் என்று உணர்த்தும் நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. அங்கே இடமில்லை என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதன் பொருள் மிகப் பெரியது.

மனுவின் குறிப்பில் என்னை அதிகம் வருத்தியது வேறொரு வாதம். இலக்கியத் தகுதி உள்ள கனமான படைப்பு என்றால்கூட விட்டுவிடலாம், இது வெறும் பொழுதுபோக்குக் காதல் கதைதானே, இது நூலகத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அதில் கேட்கப்பட்டிருக்கிறது. நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் இந்த நாவல் நூலகத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே அது இலேசான, சிரிக்க வைக்கும், கவலை தீர்க்கும் கதை என்பதுதான்.

தன்பாலீர்ப்பு கொண்டோர், திருநர் உள்ளிட்ட பால்புதுமை இளையோரைப் பற்றி அமெரிக்கப் பதிப்புலகம் நெடுங்காலம் ஒரே மாதிரியான கதைகளையே அவர்களுக்குக் கொடுத்து வந்தது. இவ்வகையில் முதலாவது என்று பலரும் சுட்டும் இளையோர் நாவல் 1969இல் வந்தது. அதில் இரண்டு சிறுவர்களுக்கிடையே ஒரு முத்தம் நிகழ்கிறது. பிறகு அவர்களில் ஒருவனுடைய செல்ல நாய் வண்டியில் அடிபட்டுச் சாகிறது. நடந்ததற்குத் தண்டனைதான் இது என்று அந்தச் சிறுவன் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறான். அடுத்து வந்த ஆண்டுகளிலும் விபத்தோ மரணமோ பிரிவோ இல்லாமல் இத்தகைய கதைகள் முடிவது அரிதாகவே இருந்தது. தன்னைப் பற்றி இன்னும் யாரிடமும் வாய் திறக்காத பதினாறு வயதுப் பிள்ளை, தன்னைப் போன்ற ஒருவரைத் தேடி நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு சாவு காத்திருந்தால், அந்தப் பிள்ளை தன் எதிர்காலத்தைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்?

1982இல் நான்சி கார்டன் எழுதிய ‘ஆனி ஆன் மை மைண்ட்’ வந்தது. நியூயார்க்கில் சந்திக்கும் இரண்டு பெண்கள். துன்பங்கள் உண்டு, ஆனாலும் நம்பிக்கையோடு முடியும் காதல். அந்த நூலைத்தான் 1993இல் கன்சாஸ் சிட்டியில் எரித்தார்கள். பக்கத்தில் உள்ள ஓலேத்தா கல்வி மாவட்டம் அதைத் தன் பள்ளி நூலகங்களிலிருந்து அகற்றியது. மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 1995இல் கூட்டாட்சி நீதிபதி தாமஸ் வான் பெபர், நூலில் சொல்லப்படும் கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகவே வாரியம் அதை அகற்றியிருக்கிறது, அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, நூலைத் திரும்ப வைக்க உத்தரவிட்டார். துயரத்தில் முடியும் கதைகளை விட்டுவிட்டு நம்பிக்கையில் முடிந்த கதைக்குத் தீ வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தண்டனை பெறும் பாத்திரத்தைச் சகித்துக்கொள்ளப் பலரால் முடிகிறது. மகிழ்ச்சியாக வாழும் பாத்திரத்தைத்தான் முடிவதில்லை. அந்த வழக்கில் நூலுக்காக நின்றவர்களும் பெற்றோர்தாம் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

புரோம் விருந்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. 1980இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கம்பர்லண்ட் உயர்நிலைப் பள்ளியில் ஆரன் ஃப்ரிக் என்ற மாணவர், தன் ஆண் நண்பரோடு புரோமுக்கு வர அனுமதி கேட்டார். வன்முறை நடக்கும் என்று சொல்லித் தலைமையாசிரியர் மறுத்தார். வழக்கு நடந்த நாள்களில் சக மாணவர் ஒருவர் தாக்கியதில் ஆரனின் முகத்தில் தையல் போட வேண்டியிருந்தது. நீதிபதி ரேமண்ட் பெட்டீன், மற்றவர்கள் கலகம் செய்வார்கள் என்ற அச்சத்தால் ஒருவரின் உரிமையைப் பறித்தால் அதிகாரம் கலகக்காரர்களின் கைக்குப் போய்விடும் என்று கருதி, ஆரனின் பக்கம் தீர்ப்பளித்தார். ஆரன் தன் நண்பரோடு போனார், நடனமாடினார்.

அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து மிசிசிப்பி மாநிலத்தில் நடந்ததை நீங்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அது பெற்றோர் செய்த செயல். 2010இல் இடவாம்பா மாவட்டத்தின் ஃபுல்டன் என்ற சிற்றூரில் கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற மாணவி, தன் தோழியைத் துணையாக அழைத்துக்கொண்டு டக்சீடோ அணிந்து புரோமுக்கு வரலாமா என்று கேட்டார். முடியாது என்றது பள்ளி. விஷயம் சட்ட அமைப்புகளிடம் போனதும், பள்ளி வாரியம் அந்த ஆண்டு விருந்தையே ரத்து செய்துவிட்டது. பள்ளியில் அத்தனை பேரும் அந்த ஒரு மாணவியைக் குற்றம் சாட்டுவதற்கு அதைவிடச் சிறந்த வழி இருந்திருக்காது. வழக்கை விசாரித்த நீதிபதி, அவருடைய உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் பெற்றோர்களே தனியாக விருந்து நடத்தப் போகிறார்கள், அதில் எல்லாரும் கலந்துகொள்ளலாம் என்று சொல்லப்பட்டதால், பள்ளி விருந்தை நடத்தும்படி உத்தரவிடவில்லை.

கான்ஸ்டன்ஸுக்குச் சொல்லப்பட்ட இடம் ஊரில் இருந்த ஒரு கண்ட்ரி கிளப். உடுத்திக்கொண்டு அங்கே போனார். உள்ளே வந்திருந்தவர்கள் 7 மாணவர்கள் மட்டுமே. மேற்பார்வைக்குத் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் நின்றிருந்தார்கள். அதே இரவில் வேறோர் இடத்தில், பெற்றோர்கள் ஏற்பாடு செய்திருந்த உண்மையான விருந்தில், மற்ற மாணவர்கள் எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த 7 பேரில் இருவர் கற்றல் குறைபாடு உள்ள மாணவர்கள். அவர்களையும் ஊர் இங்கேதான் அனுப்பியிருந்தது. யாரும் தங்களைக் கேலி செய்யமாட்டார்கள் என்ற நிம்மதியில் அந்த இருவரும் அன்று மிக மகிழ்ச்சியாக இருந்தார்கள், நடந்ததில் நல்லது அது ஒன்றுதான் என்று கான்ஸ்டன்ஸ் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். அந்த வயதில், அந்த அவமானத்துக்கு நடுவில், பக்கத்தில் இருந்த இருவரின் மகிழ்ச்சியைக் கவனிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் ஊர் கூடி ஒதுக்கி வைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் கல்வி மாவட்டம் 35,000 டாலர் இழப்பீடு கொடுத்து, பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதியையும் ஏற்றுக்கொண்டது.

அந்தப் பெற்றோர்கள் கொடியவர்களாக இருந்திருக்கமாட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல இரவு வேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். இடம் பிடித்திருப்பார்கள், இசைக்கு ஆள் பேசியிருப்பார்கள், சாப்பாட்டுக்குப் பணம் திரட்டியிருப்பார்கள். நாமும் பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் இப்படித்தான் ஓடியாடி வேலை செய்கிறோம். அவ்வளவு அக்கறையோடு செய்த ஏற்பாட்டில் சில பிள்ளைகள் வேண்டுமென்றே விடுபட்டார்கள் என்பதும், அதை இத்தனை பெரியவர்கள் சேர்ந்து ஒரு ரகசியமாகக் காத்தார்கள் என்பதும்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. இன்று நம் குழுக்களில் வரும் மனுவில் கையெழுத்திடுபவர்களும் தங்கள் பிள்ளைகளின் நன்மையைத்தான் நினைக்கிறார்கள் என்பதை நான் ஐயமின்றி நம்புகிறேன். நம்புவதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

இதெல்லாம் அமெரிக்கப் பழக்கம், நம் பிள்ளைகளுக்கு இது வராது என்று பலர் சொல்கிறார்கள். ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. அதை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்பதைத் திறந்த மனத்தோடு ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் விளக்க அமர்வு கேட்டுப் பெற்று, அதன் பின்னரே தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை என்ற பெயரில் நடக்கும் முயற்சிகளுக்கும் தடை விதித்தார். நம் ஊரில், நம் மொழி பேசும் பெண்களுக்காக எழுதப்பட்ட தீர்ப்பு அது. நாவலைப் படித்ததால் ஒரு பிள்ளையின் ஈர்ப்பு மாறிவிடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. நம் பிள்ளைகள் படித்த கதைகளிலும் பார்த்த படங்களிலும் ஆணும் பெண்ணும்தான் காதலித்தார்கள். அத்தனையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் பால்புதுமையராகவே இருக்கிறார்கள். நாவல் ஒரு பிள்ளையை மாற்றுவதில்லை. தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தனியில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். பால்புதுமை இளையோரின் தற்கொலைகளைத் தடுக்கப் பணியாற்றும் ட்ரெவர் ப்ராஜெக்ட் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, தம்மை ஏற்றுக்கொள்ளும் ஒரே ஒரு பெரியவராவது வாழ்க்கையில் இருக்கும் பால்புதுமை இளையோர், தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லும் வாய்ப்பு 40 விழுக்காடு குறைவாக இருந்தது. வீட்டில் அலமாரியைப் பார்த்து, வாட்ஸ்அப்பில் நாம் எழுதுவதைப் பார்த்து, அந்த ஒரு பெரியவர் நாமா இல்லையா என்பதைப் பிள்ளைகள் நாம் அறியாமலே முடிவு செய்துகொள்கிறார்கள்.

உங்கள் பிள்ளை இந்த நாவலைப் படிக்க வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. மேரிலாந்தின் மான்ட்கமரி கவுண்டியைச் சேர்ந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், வகுப்பில் படித்துக் காட்டப்படும் இத்தகைய கதைநூல்களிலிருந்து சமய நம்பிக்கையின் பேரில் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளக் கேட்டவர்கள் பக்கம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் தீர்ப்பளித்தது. நம் டெக்சாஸிலும் அதே ஆண்டில் நிறைவேறிய சட்டம், தம் பிள்ளை இரவல் பெறக்கூடாத நூல்கள் எவை என்று பள்ளி நூலகத்துக்குத் தெரிவிக்கப் பெற்றோருக்கு வழி செய்திருக்கிறது. ஒரு படிவம் போதும். மனுவோ வேறொன்றைக் கேட்கிறது: என் பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை, எதிர்த்தெருவில் தன் தாத்தா பாட்டியோடு வாழும் பிள்ளை என்று எல்லாருக்கும் சேர்த்து உங்கள் கையெழுத்தால் முடிவெடுக்கச் சொல்கிறது. 2021-22 கல்வியாண்டில் நாடு முழுவதும் பள்ளிகளுக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல் புகார்களை வாஷிங்டன் போஸ்ட் நாளேடு ஆராய்ந்தபோது, அவற்றில் 60 விழுக்காடு வெறும் 11 பேர் கொடுத்தவை என்று தெரிய வந்தது. நமக்கு வடக்கே ரெட் ஆற்றைத் தாண்டினால் வரும் ஓக்லஹோமாவில், 2022இல் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் ஆபாசச் சட்டத்தின் கீழ் ஆராய எடுத்துக்கொண்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களின் பட்டியலில் இந்த நாவலும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இது பால்புதுமை வாழ்க்கையைப் பேசும் நூல்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் வழங்கும் ஸ்டோன்வால் சிறப்புத் தகுதி பெற்ற நூல்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டிருந்தது. பட்டியல்கள் ஊர் விட்டு ஊர் அப்படியே நகல் எடுக்கப்படுகின்றன. நம்மிடம் வந்திருப்பதை முதலில் எழுதியவர் இந்த நாவலைப் படித்தாரா என்பதை நீங்களும் நானும் அறிய வழியில்லை. கையெழுத்திடும் நாமாவது படித்திருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். மனுவில் கையெழுத்திடும் முன் நாவலைப் படியுங்கள். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம், பொது நூலகத்தில் இரவலாகக் கிடைக்கும், முடிந்தால் உங்கள் மகளோடோ மகனோடோ சேர்ந்து படியுங்கள். படித்த பிறகும் உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்று தோன்றினால் நூலகரிடம் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டு இப்போது தயங்குபவர்கள், பெயரை விலக்கிக்கொள்வதாக வாரியச் செயலாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பலாம். எழுத உதவி வேண்டுமானால் நான் செய்கிறேன். மனு விவாதத்துக்கு வரும் வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்துக்கு என் பெயரைக் கொடுக்கப் போகிறேன். லிஸ் லைட்டியின் கதையை வாரிய உறுப்பினர்களுக்குச் சொல்லி, நூலை முழுதாகப் படித்த குழு ஒன்று பரிந்துரைக்கும் வரை அதைத் தொட வேண்டாம் என்று கேட்பேன். தமிழ்ப் பெற்றோர் ஒருவர் மட்டும் எழுந்து நின்றால் அது தனிப்பட்ட கருத்தாகப் போய்விடும். பத்துப் பேர் வந்து அரங்கில் அமர்ந்திருந்தால்கூட வாரியம் கவனிக்கும். வர விரும்புபவர்கள் இந்த மடல் உங்களுக்கு வந்த குழுவிலேயே பதில் எழுதுங்கள். கூட்டம் மாலை நேரத்தில் நடக்கும், சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் நாங்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
உங்களைப் போல இந்த ஊரில் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்